"அப்போ எல்லாமே புரிஞ்சது... காலைல ஒண்ணும் ஞாபகம் இல்ல!" - போதை அனுபவம் ஏன் மறந்துபோகிறது?

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும் மாணிக்கவாசகர் சந்நிதியும் இருக்கிற ஊர். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாள்களில் இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் 'அனுபவம்' என்ற வார்த்தைக்கு வந்துவிடும். தியானத்தில் கண்டது, கனவில் கண்டது. இப்போது கூடவே 'ட்ரிப்'பில் கண்டதும் சேர்ந்துகொண்டது. கொடைக்கானல் காளான், ஸ்டாம்ப் என்று கதைகள் வேறு வேறாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: "அந்த நேரம் எல்லாமே புரிஞ்சது மச்சி. காலைல எழுந்தா, என்ன புரிஞ்சதுன்னே தெரியல."

ஏதோ தெய்வ ரகசியம், அதனால்தான் மூளை மறைத்துவிட்டது என்று சிலர் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த 'ரகசியத்தை' மீட்க இரண்டாவது, மூன்றாவது முறை போகிறவர்களும் உண்டு. உண்மையில் நடப்பது அவ்வளவு மர்மமான விஷயம் இல்லை.

ஒரு சம்பவம் நினைவாக மாற, பார்த்தது, கேட்டது, நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்ட வேண்டும். மூளையில் அந்த வேலையைச் செய்வதில் முக்கியமான பகுதி ஹிப்போகேம்பஸ். காளானில் உள்ள சைலோசைபினும் எல்.எஸ்.டி-யும் செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. அதில் கவனம் சிதறும், நேரக் கணக்கு குழம்பும், முடிச்சு தளர்வாக விழும். நினைவு குறித்த ஆய்வுகள் சுவாரஸ்யமான ஒன்றைக் காட்டுகின்றன. இவ்வகைப் பொருள்கள் 'எங்கே, எப்போது, எது' என்கிற விவரமான நினைவைத்தான் அதிகம் கெடுக்கின்றன. 'இது எனக்குத் தெரியும்' என்கிற பரிச்சய உணர்வுக்கு அவ்வளவு சேதம் இல்லை. 'ரொம்ப பெரிய விஷயம்' என்ற உணர்வு மட்டும் மிஞ்சி, விஷயம் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த உணர்வை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1870-ல் ஒரு சொற்பொழிவில் தன் கதையையே சொன்னார். ஈதர் வாயுவை இழுத்த மயக்கத்தில் அவருக்குப் பிரபஞ்சத்தின் சாவியே கிடைத்துவிட்டதாம். தெளிந்ததும் தள்ளாடிப்போய் மேஜையில் எழுதி வைத்தார். பிறகு படித்துப் பார்த்தால், அறையெங்கும் டர்பன்டைன் வாடை அடிக்கிறது என்பதுதான் அதன் சாரம்! எழுதி வைக்காமல் விட்டிருந்தால், ஆயுள் முழுக்க 'சாவியைத் தொலைத்தவர்' என்றே அவர் வருத்தப்பட்டிருப்பார்.

எல்லோருக்கும் மறக்கும் என்றும் சொல்ல முடியாது. எல்.எஸ்.டி-யை உருவாக்கிய ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943 ஏப்ரல் 19 அன்று அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். நடந்ததெல்லாம் மறுநாள் துல்லியமாக ஞாபகம் இருந்ததுதான் அவருக்கே ஆச்சர்யம். பொருள், அளவு, கூடவே குடித்த மது, தூக்கமின்மை என்று எல்லாமே கணக்கில் வரும். கஞ்சாவும் புதிய நினைவுகள் பதிவதைக் கெடுக்கக் கூடியது.

'அதே நிலைக்குத் திரும்பப் போனா ஞாபகம் வருமா?'

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படம் (1931) பார்த்திருக்கிறீர்களா? போதையில் சாப்ளினைக் கட்டிப்பிடிக்கும் கோடீஸ்வரர், தெளிந்ததும் 'யார் நீ?' என்பார். மறுபடி குடித்தால் மறுபடி நண்பன்! இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1969-ல் வெளியான ஓர் ஆய்வில், மது குடித்த நிலையில் கற்றதில் சிலவற்றை, மறுபடி அதே நிலையில் இருக்கும்போது நன்றாக நினைவுகூர முடிந்தது. ஆனால், இது பதிவான நினைவுக்குத்தான் பொருந்தும். பதிவே ஆகாததை எத்தனை முறை திரும்பிப் போனாலும் எடுக்க முடியாது. கேமராவில் மெமரி கார்டே போடாமல் எடுத்த கல்யாண வீடியோ மாதிரி!

பதிவே ஆகாத நிலைக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் வேலியோரமாக நிற்கிறது: ஊமத்தை. சிவனுக்குச் சாத்தும் பூ என்பதால் இதை 'சாமி செடி' என்று நினைத்து விளையாடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இது காளான், ஸ்டாம்ப் வகையே இல்லை. இதிலுள்ள ஸ்கோபோலமைன், அட்ரோபின் இரண்டும் நினைவுப் பதிவுக்கு அவசியமான அசிட்டைல்கோலின் வேலையையே தடுத்துவிடும். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, காய்ச்சல் ஏறி, எதிரில் இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அது பிரமை என்பதே அவர்களுக்குத் தெரியாது. உயிரும் போகலாம். ஆங்கிலேயர் காலத்தில், வழிப்போக்கர்களின் சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து கொள்ளையடித்த வழக்குகள் அன்றைய சட்ட மருத்துவ நூல்களில் இருக்கின்றன. பிழைத்தவரால் சாட்சி சொல்ல முடியாது என்பதும் திருடனுக்கு வசதி.

இதே ஸ்கோபோலமைனை மார்ஃபினோடு சேர்த்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பிரசவத்துக்குக் கொடுத்தார்கள். பெண்கள் வலியில் கத்தினார்கள். விழித்தபோது கத்தியது ஞாபகம் இல்லை. வலி இல்லாத பிரசவம் என்று அது பிரபலமானது. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ரமணர் கதையில் ஒரு விஷயம்

அண்ணாமலையைப் பற்றிப் பேசிவிட்டு ரமணரை விட முடியாது. அவர் எந்தப் பொருளையும் தொட்டவர் இல்லை. ஆனால், 'அனுபவமும் ஞாபகமும்' என்ற கேள்விக்கு அவர் கதையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. 1896 ஜூலையில், மதுரையில், 16 வயதில் அவருக்கு அந்த மரண அனுபவம் நடந்தது. நாம் இன்று படிக்கும் விவரிப்பு பி.வி.நரசிம்ம சுவாமி எழுதி 1931-ல் வந்த ஆங்கில நூலிலிருந்து பரவியது. பல நாள் உரையாடல்களைச் சேர்த்துத் தொகுத்தது அது, ரமணரின் வார்த்தைகள் அப்படியே இல்லை என்று அந்த நூலாசிரியரே குறிப்பிட்டிருக்கிறார். இடையில் 30 வருடங்களுக்கு மேல் ஓடியிருந்தது.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தவர், பிறகு பாதாள லிங்கச் சந்நிதியில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சிலர் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தபோதும் அவர் கண் திறக்கவில்லை. நமக்கு அந்தச் சம்பவம் கிடைத்தது, தூக்கியவர்களும் பார்த்தவர்களும் சொன்னதால்.

அவர் பின்னாளில் சொன்ன கதை ஒன்று: கங்கைக் கரை யோகி, சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு சமாதியில் அமர்கிறார். நூற்றாண்டுகள் கழித்துக் கண் விழித்ததும் கேட்பது, 'தண்ணீர் எங்கே?' இடைப்பட்ட காலம் வெறும் வெற்றிடம். மனம் ஒடுங்கிக் கிடந்ததே தவிர, பழைய தாகம் போகவில்லை. இதை அவர் மனோலயம் என்றார், மனோநாசம் வேறு. நினைவில்லாத நிலையை அவரே பெரிய சாதனையாகக் கருதவில்லை.

நண்பருக்கு இப்படி ஆகிவிட்டால்?

முதலில், கேள்வி கேட்டு ஞாபகத்தை 'எழுப்ப' வேண்டாம். "ஒளி தெரிஞ்சுதா? சாமி வந்துச்சா?" என்றால், இல்லாததும் நினைவாக முளைக்கும். 1974-ல் எலிசபெத் லோஃப்டஸ் கார் விபத்துக் காட்சி ஒன்றைக் காட்டி, 'மோதியபோது' என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்று சிலரிடமும் வேகத்தைக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, இல்லாத கண்ணாடிச் சில்லைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாம் குழுவில்தான் அதிகம். தெளிந்த மனதுக்கே இந்த நிலைமை. 'என்ன ஞாபகம் இருக்கு?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். கூட இருந்தவர்கள் பார்த்ததைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

சில மணி நேரம் முழுசாகவே காணவில்லை என்றால், அது ஆன்மிகம் இல்லை, மருத்துவ விஷயம். மது கலந்திருக்கலாம், தூக்க மாத்திரையை யாராவது கலந்து கொடுத்திருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம், விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். மயக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல், விடாத வாந்தி இருந்தால் உடனே 108. காளான் சாப்பிட்டவருக்குப் பல மணி நேரம் கழித்து வாந்தி, பேதி ஆரம்பித்தால் இன்னும் அவசரம். தப்பான காளான் கல்லீரலைக் காலி செய்துவிடும். மருத்துவரிடம் என்ன சாப்பிட்டார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சைலோசைபினும் எல்.எஸ்.டி-யும் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாள்கள் கழிந்த பிறகும் பதற்றம், தூக்கமின்மை, 'நான் நானாவே இல்ல' என்கிற உணர்வு இருந்தால் டெலி மானஸ் 14416-க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.