காப்பீட்டு நிறுவனம் விலகியபின்: கேரள எல்லையில் ஒரு மருத்துவக் காப்பின் வரலாறு

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலை முதல் கள்ளிக்காடு வரையுள்ள தமிழ்க் குடும்பங்களின் மணவுறவும் சந்தையும் இன்றும் எல்லையைக் கடந்து செல்கின்றன. அவர்களுடைய மருத்துவக் காப்பை மட்டும் குடும்ப அட்டை வழங்கிய அரசே தீர்மானிக்கிறது.

இந்தியாவில் இலாப நோக்கற்ற அமைப்பு எதுவும் காப்பீட்டாளராக உரிமம் பெறுவது அரிது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டு நிறுவனத்திற்கு 100 கோடி ரூபாய் மூலதனத்தைக் கட்டாயமாக்கியது. எனவே, 2003இல் கர்நாடகத்தில் தொடங்கிய யசஸ்வினி போன்ற திட்டங்கள் அறக்கட்டளை வடிவத்தை ஏற்றன. கேரளமும் 2008இல் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவைச் செயல்படுத்த 'சியாக்' என்னும் முகமையை நிறுவியது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் காப்பு; பதிவுக் கட்டணம் 30 ரூபாய். அரசு பிரீமியம் செலுத்தியது. இழப்பை ஒப்பந்த நிறுவனம் ஏற்றது. அந்நிறுவனத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கண்காணித்தது.

2019 ஏப்ரலில் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி தொடங்கியபோது காப்பு 5 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. முதலாண்டில் இழப்பை ஏற்றது ரிலையன்ஸ் ஜெனரல் நிறுவனம். 2020 ஜூலை 1 முதல் மாநில சுகாதார முகமையே அப்பொறுப்பை ஏற்றது. ஏறத்தாழ 42 இலட்சம் குடும்பங்களின் காப்பில் தனியார் இலாபத்திற்கு இடமில்லாமற் போனது. இது மறுக்கவியலாத நன்மை.

ஆயினும் நிறுவனத்தோடு சேர்ந்து இரண்டு பாதுகாப்புகளும் விலகின. காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புகளை விஞ்சும் சொத்து, விதிக்கப்பட்ட கடனீட்டு வரம்பைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. முகமையின் நிதியோ ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தைச் சார்ந்தது. நிலுவைத் தொகையைக் காரணங்காட்டித் தனியார் மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து விலக முற்பட்டது இதன் விளைவே. அடுத்து, நிறுவனத்தின்மீது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். முகமை காப்பீட்டாளர் அன்று என்பதால் அவ்வாயில் அடைபட்டது. பணம் செலுத்துபவர், விதி வகுப்பவர், குறை கேட்பவர் அனைவரும் ஒரே அரசின் உறுப்புகளாயினர். அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, சிகிச்சைக்குப் பணம் பெறுபவரும் அதே அரசுதான்.

வெளியிலிருந்து நோக்கும் கண்ணாக எஞ்சியது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. ஆயுஷ்மான் பாரத் குறித்து 2023 ஆகஸ்டில் வெளியான அறிக்கை, முன்பே இறந்தவர்களாகப் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டதைச் சுட்டியது. இத்தகைய பதிவுகள் கேரளத்திலேயே மிகுதி. அனுமதிக்குப்பின் மூன்று நாள்வரை ஒப்புதல் கோரலாம் என்பதால் தேதிகள் முரண்படுவதாக ஒன்றிய அரசு விளக்கியது. விளக்கம் எதுவாயினும், தணிக்கை பணம் வழங்கிய பின்னரே வருகிறது. சிகிச்சை மறுக்கப்பட்டவர் அதற்காகக் காத்திருக்க இயலாது.

இலாபம் நீங்கியதால் கண்காணிப்பின் தேவை குறையவில்லை. முகமைக்குக் கட்டாய இருப்புநிதியும், சுகாதாரத்துறைக்கு அடங்காத குறைதீர்ப்பாளரும் சட்டத்தால் வேண்டும். எல்லைக் கிராமத்தவர் தம் முறையீட்டைத் தாய்மொழியிலேயே அளிக்க இயலுமானால், அக்கண்காணிப்பு அவர்களுக்கும் உரியதாகும்.