பொறுப்புடைமை ஏற்பாடு (ஆசிய வளர்ச்சி வங்கி)

மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் நடக்கும் பணியால் பாதிக்கப்படுவோர் வங்கியிடமே முறையிடும் வழி. 1995இல் ஆய்வுக் குழுவாகத் தொடங்கி, 2003இல் இன்றைய பெயரைப் பெற்றது. நர்மதை அணை எதிர்ப்பை அடுத்து 1993இல் உலக வங்கி அமைத்த ஆய்வுக் குழுவே இதற்கு முன்னோடி.

2010இல் தொடங்கிய மறுஆய்வில் அரசுகள், தொண்டு நிறுவனங்கள், பொதுமக்கள் ஆகியோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. புதிய கொள்கை 2012இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு சமரச முயற்சியைக் கடந்தே, வங்கி தன் விதிகளை மீறியதா என்ற விசாரணையைக் கோர முடிந்தது; இப்போது இரண்டில் எதையும் முறையிடுவோரே நேரடியாகத் தேர்ந்துகொள்ளலாம். திருத்தத்தின் உயிர்நாடி இதுதான். ஆனால் முதலில் திட்டப் பிரிவு அதிகாரிகளிடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீடிக்கிறது.

திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூர் வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு உள்ளிட்ட வெண்ணாற்றுப் பகுதி நீர்வழிகளைச் சீரமைக்க இவ்வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. கரையோரக் குடியிருப்பு, சாகுபடி நிலம், மதகு தொடர்பாகப் பாதிப்பு நேர்ந்தால் இருவர் சேர்ந்து எழுதினாலே போதும், ஆங்கிலம் கட்டாயமில்லை. கடன் முடிவுத் தேதிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை மனு ஏற்கப்படும். வாய்க்கால் மேட்டில் இதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.