குழந்தைகளின் தோட்டம்

வண்ணத்தாள் ஒன்றை நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு இரண்டு விரற்கடை முன்புவரை வரிசையாக வெட்ட வேண்டும். பிரித்துச் சுருட்டி ஓரங்களை ஒட்டினால் நடுப்பகுதி புடைத்து நிற்கும். மேலே ஒரு காகிதப் பிடி. மலேசியப் பாலர் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் செய்யும் தங்லுங் விளக்கு இதுதான்.

சிலாங்கூரின் வடகோடியில், பேராக் எல்லையருகே உள்ள கலும்பாங் வட்டாரத்தில் 'தோட்டம்' என்றால் யாரும் பூந்தோட்டத்தை நினைப்பதில்லை. ரப்பர்தான் நினைவுக்கு வரும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டும் வரும். பாலர் பள்ளியின் கதையோ வேறொரு தோட்டத்தில் தொடங்குகிறது. ஜெர்மானியக் கல்வியாளர் பிரீட்ரிக் பிரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறுவர்களுக்காக ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். காகிதம் மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகியவற்றை அவர் பாடமாகவே வகுத்தார். கை செய்வதை மனம் கற்கும் என்பது அவர் நம்பிக்கை. 1851இல் பிரஷ்ய அரசு இந்தப் பள்ளிகளைத் தடை செய்தது. மறு ஆண்டே பிரோபெல் இறந்தார். தடை நீங்க 1860 ஆயிற்று. 1876இல் தோக்கியோவில் பாலர் பள்ளி திறந்தபோது, அவருடைய காகிதப் பாடம் ஜப்பானின் ஒரிகாமியோடு கைகோத்தது.

ரப்பர் தோட்டத்துக் குழந்தைக்கு இவை எதுவும் வந்து சேரவில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். பால் கலக்கிக் கொடுக்கவும் தூளி ஆட்டவும் அங்கே ஓர் ஆயா இருந்தார். தாளோ கத்தரியோ இல்லை. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்ற பள்ளிகள் பல. ஏழு வயதுக்குக் கீழே பாடம் என்ற பேச்சே இல்லை.

அக்காலத்தில் பிள்ளைகளின் கைகளை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கலும்பாங்குக்கு அண்டை ஊரான தஞ்சோங் மாலிமில் 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கிய அக்கல்லூரியில், ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் வின்ஸ்டெட்டின் திட்டப்படி கூடை முடைதலும் தோட்டவேலையும் முக்கியப் பாடங்கள். கிராமத்துப் பிள்ளை கிராமத்திலேயே நன்றாகப் பிழைக்க வேண்டும் என்பது நோக்கம். ரப்பர் தோட்டத்திலோ, சற்று வளர்ந்த பிள்ளையின் கை புல் பிடுங்கவும் பால் சேகரிக்கவும் போனது. கூடைக்கு விலை இருந்தது, புல்லுக்குக் கூலி இருந்தது. விலையும் கூலியும் இல்லாத ஒரு கைவேலைக்கு ஏழைப் பிள்ளைகள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

விளக்கு சீனர்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய எட்டாம் மாதப் பௌர்ணமியில் மூன்கேக்கும் தங்லுங்கும் வீதிக்கு வரும். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் சீனக் குடும்பங்களை வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றியது. தோட்ட லயங்களும் பல இடங்களில் ஒன்றுதிரட்டப்பட்டன. அந்நாளில் கம்பிச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய மீன், முயல் விளக்குகள் கடையில் தொங்கின. காசில்லாத பிள்ளைகள் பால் டின்னில் ஓட்டை போட்டு உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

வகுப்பறைக்குள் அந்த விளக்கு நிலைபெற அரசின் கை தேவைப்பட்டது. 1970களில் அரசின் சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸின் பாலர் வகுப்புகளும் ஒற்றுமைத் துறையின் வகுப்புகளும் பெருகின. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்விமுறையில் சேர்த்தது. 2003 முதல் தேசியப் பாடத்திட்டம் கட்டாயமானது. இன்று தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பாலர் வகுப்பு உண்டு. தஞ்சோங் மாலிமின் அந்தப் பழைய கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாகி, பாலர் பள்ளி ஆசிரியர்களையும் தமிழாசிரியர்களையும் உருவாக்கி வருகிறது.

சீனப் புத்தாண்டில் சேர்ந்த சிவப்பு அங்பாவ் பண உறைகளும் இப்போது தங்லுங் ஆகின்றன. மெழுகுவர்த்தியின் இடத்தில் பொத்தான் அளவு மின்கல விளக்கு. தீபாவளிக்கு அதே விளக்குகள் கோலத்துக்கு மேலே தொங்கும். வெட்டும்போது கத்தரி ஓரம்வரை ஓடிவிட்டால் தாள் பிளந்துவிடும். ஆசிரியை பின்பக்கம் ஒரு பட்டை ஒட்டித் தருவார். அந்த விளக்கும் மற்றவற்றோடு கயிற்றில் ஏறும், பிள்ளையின் பெயர் எழுதப்பட்டு.