ஆர்மாமலை ஓவியர் கண்ட ஊற்று

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை இன்று உலகம் தோல் தொழிலால் அறிகிறது. இந்தப் பாலாற்றுச் சமவெளியைச் சூழ்ந்த குன்றுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர் உறைந்து தவம் புரிந்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. காட்பாடி அருகே வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் 9ஆம் நூற்றாண்டில் அமைத்த பள்ளியும், ஆம்பூருக்கு அண்மையில் மலையாம்பட்டு ஊரிலுள்ள ஆர்மாமலைக் குகையும் அதற்குச் சான்றாகும்.

ஆர்மாமலையில் இருப்பது இயற்கைக் குகை. சுடாத செங்கற்களால் அதனுள் சுவர் எழுப்பி, 8ஆம் நூற்றாண்டில் அதனை அருகன் கோயிலாக்கினர். பாறையின் மீது சுண்ணம் பூசி ஓவியம் தீட்டினர். தாமரைத் தடாகமும், தத்தம் ஊர்திகளில் அமர்ந்த எண்டிசைக் காவலரும் அங்கு இடம்பெற்றனர். அவருள் அக்கினி தேவன் துணைவியுடன் ஆட்டின் மீது வீற்றிருக்கிறான்.

இவற்றைத் தீட்டியவர் யார்? பெயர் இல்லை. இவ்வோவியங்களோடு ஒப்பிடப்படும் சித்தன்னவாசலிலும் திருப்பணி செய்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் பெயரே கல்வெட்டில் நிற்கிறது. தூரிகை பிடித்தவர் பெயர் இல்லை.

கலைஞனின் உள்ளத்தில் தானாக உதிப்பதே கற்பனை, அது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது இக்காலத்தார் எண்ணம். ஆர்மாமலை வேறொன்றைக் காட்டுகிறது. எதைத் தீட்டுவது என்பதை மரபு வகுத்துத் தந்தது. அக்கினியின் ஊர்தி ஆடு என்று மட்டுமே மரபு சொல்லும்; அதன் கண்ணையும் கழுத்தையும் எவ்வாறு வரைவது என்பதை, மேயும் ஆட்டை உற்று நோக்கியவனே அறிவான்.

திருத்தக்கதேவர் பற்றி வழங்கும் செய்தியும் இதனையே உணர்த்தும். காப்பியம் பாட விடை வேண்டி நின்ற அவருக்கு, எதிரே ஓடிய நரியைக் காட்டி, அதனைப் பாடுமாறு ஆசிரியர் பணித்தார் என்பர். நரிவிருத்தம் பிறந்தது, அதன் பின்னரே சீவக சிந்தாமணி எழுந்தது. இட்ட பணியும் கண்முன் நின்ற பொருளுமே புலவருக்கு ஊற்றாயின.

ஆர்மாமலை ஓவியங்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. பெயர் விட்டுச் செல்லாத அக்கலைஞர்க்கு எஞ்சிய நிறங்களே வரலாறு. குகையைக் காணச் செல்வோர் அவற்றின் மீது கை வைக்காமலும் பெயர் கீறாமலும் திரும்புதல் வேண்டும். தம் பெயரையே எழுதாதவர்க்குச் செய்யத்தக்க சிறப்பு அதுவே.