ஏரி மீனும் கல்லூரிப் படிப்பும்

சங்கராபுரம் பக்கம் ஏரித் தண்ணீர் குறைந்து வலை இறங்கும் நாளில் கரையிலேயே தராசு வந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் என்று கூறு போட்டு விற்பார்கள். இந்த மூன்றுமே இந்த ஊர் மீன் கிடையாது என்றால் பலர் நம்பமாட்டார்கள்! மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். விராலும் குரவையும் கெளுத்தியும்தான் இங்கத்திய பழைய குடிகள். கடலே இல்லாத கல்வராயன் மலையடிவாரத்துக்கு வடக்கத்தி மீன் வந்த கதையைத் தேடிப் போனால், மீன்வளப் படிப்பின் கதையும் கூடவே வருகிறது.

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை 1907இல் தொடங்கியது. அதற்குக் காரணமானவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் கூட்டுறவுப் பாடத்தில் வந்திருக்கும். ஆமாம், அதே நிக்கல்சன்தான். விவசாயிகளின் கடனைப் பற்றி அறிக்கை எழுதியவர் அடுத்து மீனவர் பக்கம் திரும்பினார். ஜப்பான் போய்ப் பார்த்து வந்தார். மேற்குக் கரையில் மீனவக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகளைத் துறையே நடத்தியது. ஆனால் இதையெல்லாம் கல்லூரிப் படிப்பு என்று சொல்ல முடியாது. 1947இல் வந்த மத்திய கடல் மீன்வள நிலையமும் ஆராய்ச்சிக்குத்தான்.

இதற்கிடையே ஏரி மீனுக்குப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கட்லா வகை மீன்கள் மழைக்காலத்தில் ஓடுகிற ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் இடாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் ஆற்றில் குஞ்சு அரித்து எடுத்து வர வேண்டும். அதில் பாதி வேறு மீனாக இருக்கும், சில சமயம் மற்றதைத் தின்னும் மீனாகவும் இருக்கும். சரக்கு என்னவென்று தெரியாமல் முதல் போடுகிற வியாபாரம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்!

1957 ஜூலை 10ஆம் தேதி ஒரிசாவின் அங்குலில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும், மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை வகையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். இதற்குப் பிறகு, எந்த ஏரிக்கு எந்தக் குஞ்சு, எத்தனை என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆள் வேண்டுமே... கல்லூரிக்குத் தேவை வந்தது இப்படித்தான்.

இந்தியாவின் முதல் மீன்வளக் கல்லூரி 1969இல் மங்களூரில் வந்தது. தமிழ்நாட்டில் 1977இல் தூத்துக்குடியில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 1989இல் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2012இல் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் சொந்த வீடு கிடைத்தது எனலாம்.

நடுவில் இறால் காலம் ஒன்று வந்து போனது. தொண்ணூறுகளில் நாகை மாவட்டத்து நெல் வயல்கள் இறால் குட்டைகளாக மாறின. உப்பு கிணற்றில் இறங்கியது. வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டைகளும் காலியாயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994இல் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. கடைசியில் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணை வைக்கப் பதிவு கட்டாயம் ஆனது. ஒரு குட்டையில் எத்தனை டன் எடுக்கலாம் என்பதோடு, கழிவுநீர் யார் வயலுக்குப் போகிறது என்பதும் பாடம்தான் என்று அன்றைக்கு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வருத்தமான விஷயம்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டம் ஆனது. கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் இங்கேதான் இருக்கின்றன, ஏரிகளுக்கும் குறைவில்லை. ஆனால் சங்கராபுரத்துப் பையனோ பெண்ணோ மீன்வளம் படிக்க வேண்டுமென்றால் பொன்னேரி, தலைஞாயிறு, தூத்துக்குடி என்று கடலோரமாகத்தான் போக வேண்டும். நான்கு வருடப் படிப்பு, ப்ளஸ் டூவில் அறிவியல் எடுத்திருக்க வேண்டும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விடுகிறவர் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது.