கிரகணமும் கண்ணும்

1955 யூன் 20ஆம் நாள் காலை, இலங்கை வானில் ஞாயிறு மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம் அது. பிலிப்பைன்ஸ் அருகே 7 நிமிடம் 8 விநாடி நீடித்தது. அதனை ஆராயப் பிறநாட்டு வானியலார் ஹிங்குராக்கொடையில் கருவிகளுடன் முகாமிட்டிருந்தனர். அதே நாட்களில் ஒரு வதந்தியும் நாடெங்கும் உலவிற்று: கிரகண வேளையில் வசம்பு உண்டால் பெண்களின் அழகு பெருகுமாம். நம்பி உண்ட பெண்கள் பலர் நோயுற்று வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அப்பெண்களை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், அழகே பெண்ணின் முதல் எனப் போதித்த சமுதாயம் எது? கருவிகள் கடல் கடந்து வந்தன. அறிவோ அடுத்த வீதிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

கிரகணத்தை நேரே நோக்குவோர் கண்ணைக் கெடுத்துக்கொள்வர் என்பதைச் சோக்கிரதீசர் அறிந்திருந்தார். பிளேட்டோவின் 'பீடோ' இதற்குச் சான்று. நம் பாட்டிமாரும் மஞ்சள்நீர்ப் பாத்திரத்தில் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அச்சத்தின் உள்ளே அனுபவமும் இருந்தது. எனினும், நீரிலும் ஞாயிறு கூசும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சிறு துளையினூடே தாளில் விழும் பிம்பத்தைக் காண்பதே பழுதற்ற வழி.

கண்ணின் வில்லை ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. ஆதலின் புண் உண்டாகும்போது எச்சரிக்கை எதுவும் எழுவதில்லை. சில மணிநேரம் கழிந்தே பார்வையின் நடுவில் கருமை தோன்றும். அதனை மீட்கும் உறுதியான மருந்து இன்றும் இல்லை.

2019 டிசெம்பர் 26ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணமும் கொழும்பில் பகுதிக் கிரகணமும் தோன்றின. வெள்ளவத்தைக் கடற்கரையில் சிலர் எக்ஸ்ரே படத்தாளையும் கறுப்புக் கண்ணாடியையும் கண்ணில் வைத்து அண்ணாந்து நின்றதை நான் கண்டேன். அவை இரண்டும் காவலல்ல.

கிரகணமோ என்றாவது வருவது. கொட்டாஞ்சேனையில் சுமை தூக்குவோனுக்கும், கட்டடத்தில் கல் அடுக்குவோனுக்கும், கடலில் வலை வீசுவோனுக்கும் வெயில் நாள்தோறும் வருகிறது. அதன் புறஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் படப்படக் கண்ணில் சதை வளர்கிறது, கண்புரையும் விரைகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அவர்களுக்கு ஆடம்பரமல்ல, தொழிற்கருவிகள். கறுப்பு நிறம் மட்டும் கொண்ட மலிவுக் கண்ணாடி கண்மணியை விரியச்செய்து தீங்கையே மிகுவிக்கும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வானத்தை அஞ்சாதிருக்கக் கற்பித்தல் நம் கடமையிற் பாதி. வெயிலில் உழைப்போரின் கண்ணுக்குக் காவல் கேட்டல் மறுபாதி.