ரெக்கார்டு டான்ஸும் பிரேக் டான்ஸும்

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் பண்டிகை என்றால் ஒரு ராத்திரி ரெக்கார்டு டான்ஸ் இருக்கும். இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆடியதால் வந்த பெயர். தட்டு போய் கேசட் வந்தது, அதுவும் போய் பென் டிரைவ் வந்தது. பெயர் மட்டும் ஊர்வாயில் நிற்கிறது. போலீஸ் அனுமதிக்கான மனுவில்தான் 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்று மரியாதையாக எழுதுவார்கள்.

பிரேக் டான்ஸும் ஒருவகையில் ரெக்கார்டு டான்ஸ்தான். எண்பதுகளில் இந்தப் பெயர் எங்கள் பக்கம் வந்தபோது, எலும்பை முறித்துக்கொண்டு ஆடுவது என்றே பெரியவர்கள் பொருள் சொன்னார்கள். முறிவது எலும்பு அல்ல, பாட்டு.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் ஏழைகள் நிறைந்த பிராங்க்ஸ் பகுதி. பள்ளி திறக்குமுன் துணி வாங்கக் காசு சேர்க்க, சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் தன் குடியிருப்பில் ஒரு ஆட்ட விருந்து வைத்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தட்டு போட்டவர், ஜமைக்காவில் பிறந்த அவள் அண்ணன் கிளைவ். 'கூல் ஹெர்க்' என்றால்தான் உலகுக்குத் தெரியும். பாடுகிறவர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் வெறிகொண்டு ஆடுவதை அவர் கவனித்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று முடிய மற்றதைத் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

நம் கும்மியில் வட்டமே ஆடும். அவர்கள் வட்டத்தில் சுற்றி நிற்பவர்கள் பார்க்க, நடுவில் ஒருவர் இறங்கி ஆடுவார்; அவர் விலகியதும் அடுத்தவர். நின்றபடி அடி வைத்து, கையூன்றித் தரையில் காலைச் சுழற்றி, தலையிலும் முதுகிலும் சுழன்று, சட்டென்று சிலையாக உறைவது அதன் முறை.

ஹிப் ஹாப் என்று நாம் சொல்வதில் பாதி நியூயார்க்கில் பிறக்கவில்லை. ஓடும் அசைவைப் பூட்டுப் போட்டாற்போல் நிறுத்தும் 'லாக்கிங்', லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேம்ப்பெல் ஆடியது. தசையை வெடுக்கென இறுக்கித் தளர்த்தும் 'பாப்பிங்', பிரெஸ்னோ ஊர் பூகலூ சாம் குழுவினர் பரப்பியது. 1994-ல் 'காதலன்' படத்தின் முக்காலா பாட்டில் பிரபுதேவா எலும்பே இல்லாதவர்போல் ஆடியதில் தரைச் சுழற்சியைவிட இந்தப் பாப்பிங் சாயலே அதிகம். நாம் எல்லாவற்றையும் பிரேக் டான்ஸ் என்றே அழைத்தோம். பரதம் கற்றவர் அவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்தப் படம் வந்தபிறகு பண்டிகை மேடைகளில் தொளதொளப் பேன்ட் போட்ட பையன் இல்லாத குழுவே இல்லை. ஒருமுறை ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடியப் பார்த்தேன். சுற்றுமுள் கிழிந்த தார்ப்பாயில் ஒருவன் முதுகால் சுழன்றான், ஊரே விசிலடித்தது. காலையில் அதே ஊர், பேசிய தொகையில் குறைத்துக் கொடுத்து, "ஆட்டக்காரப் பசங்கதானே" என்றது.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் ஒரு போட்டியாக நடந்தது. ஜப்பானின் அமியும் கனடாவின் பில் விசார்டும் தங்கம் வாங்கினார்கள். பிராங்க்ஸ் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அந்த மரியாதை வர ஐம்பது வருஷம் ஆயிற்று. நம் ஊர் ஆட்டக்காரர்களுக்குப் பதக்கம் வேண்டாம். பேசிய கூலியை முழுசாகக் கொடுத்து, சாப்பிட வைத்து அனுப்பினால் போதும்.